கோதுமை வயலும் நாட்டின் நிலையான வளர்ச்சி இலக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் சுமார் 3.2 கோடி ஹெக்டேரில் கோதுமை விளைகிறது. 2023-24இல் அறுவடையானது 11.33 கோடி டன். சீனாவுக்கு அடுத்து உலகில் அதிகம் விளைவிக்கும் நாடு நாம்தான். இவ்வளவு பெரிய பரப்பில் உரம், தண்ணீர், விதை, உழவு என்று எதை மாற்றினாலும் நாட்டின் கணக்கே மாறிவிடும். அதனால்தான் நிலையான வளர்ச்சி இலக்குகள் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கோதுமையும் வந்து நிற்கிறது. வேளாண்மை படிக்கும் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் ரேஷனில் கோதுமை வாங்குகிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நிலையான வளர்ச்சி இலக்குகள் என்றால் என்ன? அதில் கோதுமைக்கு என்ன வேலை?

2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகள் இவை. அவற்றின் கீழ் 169 குறிக்கோள்கள் இருக்கின்றன. 2030க்குள் எட்ட வேண்டும் என்பது கெடு. இந்தியாவில் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இதற்கான அளவுகோல்களை வகுத்திருக்கிறது. நிதி ஆயோக் 2018 முதல் மாநிலங்களுக்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. நாட்டின் மொத்த மதிப்பெண் 2018இல் 57, 2023-24இல் 71.

கோதுமை முதலில் தொடுவது 2ஆவது இலக்கை, அதாவது பசியை ஒழிப்பதை. சிறு விவசாயியின் வருமானத்தையும் விளைச்சலையும் இரட்டிப்பாக்குவது, மண்ணைக் கெடுக்காத சாகுபடி, விதைகளின் பன்மையைக் காப்பது எல்லாம் அதற்குள் வரும். அப்புறம் தண்ணீர் 6ஆவது இலக்கு, உணவு வீணாவது 12, பருவநிலை 13, நிலவளம் 15. வயலில் பாதி வேலையைச் செய்யும் பெண்களை நினைத்தால் பாலினச் சமத்துவம் பற்றிய 5ஆவது இலக்கும் சேர்ந்துகொள்கிறது.

ஒரே பயிர் இத்தனை இலக்குகளுக்கு உதவுகிறதென்றால் நல்லதுதானே?

சிக்கலே அங்கேதான். எல்லா இலக்குகளும் ஒரே பக்கம் இழுப்பதில்லை.

நிதி ஆயோக்கின் பட்டியலிலேயே பாருங்கள். நெல்லும் கோதுமையும் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ விளைகின்றன என்பது 2ஆவது இலக்கின் கீழ் ஓர் அளவுகோல். கிடைக்கிற நிலத்தடி நீரில் எத்தனை சதவீதம் உறிஞ்சப்படுகிறது என்பது 6ஆவது இலக்கின் கீழ் இன்னோர் அளவுகோல். பஞ்சாபில் ஒரு விவசாயி போர்வெல்லைக் கூடுதலாக ஓட்டி விளைச்சலை ஏற்றினால், முதல் அளவுகோலில் மாநிலத்துக்கு மதிப்பெண் கூடும், இரண்டாவதில் குறையும். வயல் ஒன்றுதான், விவசாயியும் ஒருவர்தான்.

ஆகவே "கோதுமையை இலக்குகளோடு இணைப்பது" என்றால், தாறுமாறாக இழுக்கும் இந்தக் கணக்குகளை ஒரே வயலில் நேர்செய்வது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். டன் கணக்கை மட்டும் பார்த்து 60 ஆண்டு ஓட்டிவிட்டோம். இனி அந்த டன்னுக்கு எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவு யூரியா போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கச் சொல்லும்போது அதற்கான செலவை விவசாயி தலையில் கட்டக் கூடாது.

பசுமைப் புரட்சி செய்தது தவறு என்கிறீர்களா?

இல்லை. 1964-65இல் நாட்டின் கோதுமை விளைச்சல் 1.23 கோடி டன்தான். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அப்போது உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக விதையை இறக்குமதி செய்ய முடிவெடுத்தார். 1967-68இல் விளைச்சல் 1.65 கோடி டன்னுக்கு ஏறியது. பள்ளிக்கூடக் கட்டடங்களில்கூட கோதுமையைக் கொட்டி வைக்க வேண்டியிருந்தது. 1968இல் அரசு "கோதுமைப் புரட்சி" என்று தபால்தலையே வெளியிட்டது. அந்த விதை வராமல் போயிருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று யோசித்துத்தான் இதைப் பேச வேண்டும்.

ஆனால் அதே 1968இல், ஜனவரி மாதம் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், எம். எஸ். சுவாமிநாதன் எச்சரித்தார். மண்வளத்தைப் பேணாமல் தீவிர சாகுபடி செய்வது, கணக்கில்லாமல் நிலத்தடி நீரை எடுப்பது, பூச்சிமருந்தை வாரி இறைப்பது, உள்ளூர் ரகங்களை விட்டுவிட்டு ஒன்றிரண்டு ரகங்களையே எங்கும் விதைப்பது எல்லாம் சேர்ந்தால் பேரிழப்பு வரும் என்றார். புரட்சியைக் கொண்டுவந்தவரே புரட்சி தொடங்கிய கையோடு சொன்ன சொல் அது. இன்று 2, 6, 12, 15 என்று எண் போட்டுப் பேசுவதெல்லாம் கிட்டத்தட்ட அந்த உரையில் இருந்தவைதான்.

கோதுமை அதிகம் தண்ணீர் குடிக்காத பயிர் ஆயிற்றே. பஞ்சாப் நிலத்தடி நீர் விவகாரத்தில் அதை ஏன் இழுக்கிறீர்கள்?

சரியான கேள்வி. கோதுமைக்கு நாலைந்து பாய்ச்சல் போதும். பருவம் முழுக்கச் சுமார் 400 மில்லிமீட்டர் தண்ணீர். அதே வயலில் கோடையில் நிற்கும் நெல்லுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். தனியாகப் பார்த்தால் கோதுமை மீது குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் பஞ்சாபில் கோதுமை தனியாக இல்லை. நெல்லும் கோதுமையும் ஒரே வயலில் மாறி மாறி வரும் சோடி. இரண்டுக்கும் அரசுக் கொள்முதல் உறுதி. 1997 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். பருத்தி, மக்காச்சோளம், பருப்பு எல்லாம் ஓரம் போயின. மாநிலத்தில் ஆண்டுதோறும் ஊறும் நிலத்தடி நீரில் பயன்படுத்தத்தக்கதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வெளியே எடுக்கப்படுகிறது. 153 வட்டாரங்களில் 100க்கும் மேற்பட்டவை "அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை" என்ற பட்டியலில் இருக்கின்றன.

ஆகவே கோதுமையைச் சரிசெய்வதில் பாதி வேலை நெல்லைச் சரிசெய்வது. இதை விட்டுவிட்டு கோதுமைக்குச் சொட்டுநீர், தெளிப்புநீர் என்று மட்டும் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வயலை லேசர் கருவியால் மட்டப்படுத்துவது வேறு கதை. மேடு பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கடைமடை சேரும், நாலில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அது நெல், கோதுமை இரண்டுக்குமே ஆகும்.

தண்ணீரின் அளவைப் போலவே பாய்ச்சும் நாளும் முக்கியம். விதைத்த 21ஆம் நாள் வாக்கில் ஒரு கோதுமைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். விதையிலிருந்து கிளம்பிய மெல்லிய வேர்களுக்கு மேலே, மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டின் அடிக்கணுவில் வெள்ளையாக முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். இனிமேல் செடியைத் தாங்கப்போகும் வேர்கள் அவைதான். அந்த நேரத்தில் மண் காய்ந்திருந்தால் தூர் கட்டாது, பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடாகாது. ஐந்து பாய்ச்சலுக்குத் தண்ணீர் இல்லாதவர் இந்த ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது என்று வட இந்தியாவில் எந்த வேளாண் அலுவலரும் சொல்வார்.

வைக்கோல் எரிப்பு நெல்லின் பிரச்சினை. அதைக் கோதுமைக் கணக்கில் ஏன் சேர்க்க வேண்டும்?

எரிவது நெல் வைக்கோல். எரிப்பது கோதுமைக்காக.

2009இல் பஞ்சாப், ஹரியாணா இரண்டும் நிலத்தடி நீரைக் காக்கச் சட்டம் போட்டன. கடும் கோடையில் நெல் நட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, ஆகவே ஜூன் நடுவாக்கில் மழை நெருங்கும்போது நடுங்கள் என்றது சட்டம். நோக்கம் நல்லது. ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல் வயலை விட்டுப் போக அக்டோபர் கடைசி ஆகிவிடுகிறது. கோதுமை விதைக்க ஏற்ற நாட்களோ நவம்பர் 1 முதல் 15 வரை. பிந்தினால் மார்ச் வெயிலில் பால் பிடிக்கும் கதிர் சுருங்கிப்போகும்.

ஒருமுறை நவம்பர் முதல் வாரத்தில் ஹரியாணாவில் கர்னால் பக்கம் ஒரு வயலில் நின்றேன். கம்பைன் என்ற அறுவடை இயந்திரம் அறுத்துப் போன தடத்தில் வைக்கோல் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கிடந்தது. நடுவே விறைப்பான அடித்தாள், ஒரு சாண் உயரம். கையில் எடுத்தால் ஈரம், முறுக்கினால் உடையவில்லை. நம் ஊரில் மாட்டுக்குப் போடலாமே என்று தோன்றும். பாசுமதி வைக்கோலை அங்கேயும் போடுகிறார்கள். மற்ற ரகங்களில் மணற்சத்து அதிகம் என்று மாட்டுக்குத் தருவதில்லை. அவர்களுக்குத் தீவனம் கோதுமை வைக்கோல் தூள், "தூரி" என்பார்கள். அறுவடை முடிந்ததும் அதை இயந்திரத்தால் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வயல்காரர் கேட்டது ஒன்றுதான்: "இதை எடுக்க ஆளுக்கு எவ்வளவு, எரிக்கத் தீப்பெட்டி எவ்வளவு?" அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இப்படி 6ஆவது இலக்குக்காகப் போட்ட சட்டம், உடல்நலம் பற்றிய 3ஆவது இலக்கையும் பருவநிலை பற்றிய 13ஆவது இலக்கையும் போய் இடித்தது. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் வருகிறது. ஒரு டன் எரிந்தால் ஐந்தரை கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் வயலுக்கு நட்டம். புகையை முதலில் சுவாசிப்பது தில்லிக்காரர் இல்லை, எரிக்கிற வீட்டுக் குழந்தைகள். அதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அதற்குத்தான் ஹேப்பி சீடர் வந்துவிட்டதே?

வந்துவிட்டது, நன்றாகவும் வேலை செய்கிறது. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கருவி. நிற்கும் தாளை வெட்டித் தூக்கி, உழாத மண்ணில் கீறல் போட்டு விதையை இறக்கி, வைக்கோலை அதன்மேலேயே மூடாக்காகப் பரப்பிவிடும். கம்பைனிலேயே வைக்கோலைத் தூளாக்கிச் சமமாகத் தூவும் அமைப்பு இருந்தால் இன்னும் சுலபம். மூடாக்கு இருப்பதால் களை குறையும். ஈரம் நிற்பதால் முதல் பாய்ச்சலைச் சற்றுத் தள்ளலாம். கடைசி வெயிலில் மண் அவ்வளவு கொதிக்காது. உழவு டீசல் மிச்சம்.

பிறகு ஏன் எல்லோரும் வாங்கவில்லை என்றால், ஆண்டில் இருபது இருபத்தைந்து நாள்தான் அதற்கு வேலை. மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். இழுக்க 45 குதிரைத்திறனுக்கு மேல் டிராக்டர் வேண்டும். இந்தியாவில் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர், அவ்வளவு நிலம் உள்ளவர் இதைச் சொந்தமாக வாங்குவது நடக்காது. 2018 முதல் மத்திய அரசு தனி விவசாயிக்கு 50 சதவீதமும் குழுக்களுக்கு 80 சதவீதமும் மானியம் தந்தது. வாடகை மையங்கள் வந்தன. ஆனால் ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் கருவி தேவைப்படுகிறது. வரிசையில் பத்தாவது ஆள் காத்திருக்க மாட்டார், தீ வைத்துவிடுவார். எலி வரும், இளஞ்சிவப்புத் தண்டுத்துளைப்பான் வரும் என்ற பயமும் உண்டு. அது வெறும் சாக்கு இல்லை, சில வயல்களில் வந்திருக்கிறது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது நெல் ரக மாற்றம். பூசா 44 என்ற நெல் நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை சுமார் 160 நாள் எடுக்கும். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126க்கு 123 நாள் போதும். ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம். கோதுமைக்கு அவகாசம் கிடைக்கிறது, கருவிக்கு வரிசை குறைகிறது, தண்ணீரும் மிச்சம்.

வைக்கோல் எரிப்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

செயற்கைக்கோள் எண்ணிக்கைப்படி பஞ்சாபில் 2023 பருவத்தில் 36,663 தீ; 2024இல் 10,909. பெரிய இறக்கம்தான். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நாளில் சில குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் கடந்து போகின்றன. பகலில் அவை கடந்த பிறகு மாலையில் வைக்கும் தீ கணக்கில் விழாது என்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். எண்ணிக்கையோடு எரிந்த பரப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மத்தியப் பிரதேசத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கோதுமைத் தாளே எரிக்கப்படுவது வேறு. அதைப் பற்றித் தேசிய அளவில் பேச்சே குறைவு.

யூரியா விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?

பஞ்சாபில் கோதுமைக்குப் பரிந்துரை ஏக்கருக்கு 110 கிலோ யூரியா. பலர் அதற்கு மேலே போடுகிறார்கள். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மீதி விலையை அரசு மானியமாகக் கட்டுகிறது. மற்ற உரங்கள் பல மடங்கு விலை என்பதால் கை தானாக யூரியா மூட்டைக்குத்தான் போகும். உலக அளவில் தானியப் பயிர்கள், போட்ட தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மீதி நீரில் கரைந்து கீழே போகிறது, அல்லது காற்றில் போகிறது. காற்றில் போவதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. கரியமில வாயுவைப்போல சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

2015 முதல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. அதே ஆண்டு மண்வள அட்டைத் திட்டமும் வந்தது. அட்டை வீட்டில் இருக்கிறது, ஆனால் உரம் போடுவது பக்கத்து வயல்காரரைப் பார்த்துத்தான். அதைவிட இலை நிற அட்டை எளிது. இலையோடு வைத்துப் பச்சையின் அழுத்தத்தைப் பார்த்து, போதும் என்றால் அடுத்த உரத்தைத் தள்ளலாம். பெரிய படிப்பு வேண்டாம். ஆராய்ச்சியில் இன்னொன்று இருக்கிறது. காட்டுப் புல் ஒன்றிலிருந்து எடுத்த பண்பால், வேரே மண்ணிலுள்ள தழைச்சத்து வீணாவதைத் தடுக்கும் கோதுமை. மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆய்வு மையமும் ஜப்பான் விஞ்ஞானிகளும் 2021இல் இதை வெளியிட்டார்கள். வயலுக்கு வர இன்னும் நாளாகும்.

இயற்கை விவசாயத்துக்கு மொத்தமாக மாறிவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா?

ஒரே நாளில் மொத்தமாக என்றால், என் பதில் கூடாது. இலங்கையில் 2021இல் இரசாயன உர இறக்குமதியைச் சட்டென்று நிறுத்தினார்கள். நெல்லும் தேயிலையும் விழுந்தன, அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த வேதனையை விவசாயிகள்தான் சுமந்தார்கள். நம்மிடம் 80 கோடிப் பேர் ரேஷன் தானியத்தை நம்பி இருக்கிறார்கள்.

அதே சமயம், எல்லா இடத்திலும் பஞ்சாப் முறைதான் ஒரே வழி என்பதும் சரியில்லை. குஜராத்தில் பால் (Bhal) என்று பெயருள்ள பகுதியில் பாலியா கோதுமை என்று ஒன்று. மழைக்காலம் போன பின் மண்ணில் தங்கும் ஈரத்திலேயே, பாய்ச்சல் இல்லாமல் விளைகிறது. 2011இல் புவிசார் குறியீடு வாங்கியது. விளைச்சல் குறைவு, விலை அதிகம். அங்கே அது பொருந்துகிறது. மண்ணைப் பார்த்து முறையை முடிவு செய்ய வேண்டும்.

2022இல் ஏற்றுமதியைத் தடை செய்தார்களே, அதுவும் இதில் சேருமா?

கட்டாயம். 2022 மார்ச், 1901இலிருந்து பதிவான மார்ச் மாதங்களிலேயே கடும் வெப்பமான மார்ச். கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் அடித்து, மணி சுருங்கியது. 11.13 கோடி டன் வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள், கடைசியில் 10.77 கோடி டன். உக்ரைன் போரால் உலக விலையும் ஏறியதால் வியாபாரிகள் அரசு அறிவித்த ஆதரவு விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கினார்கள். முந்தைய ஆண்டு 4.33 கோடி டன் வாங்கிய அரசுக்கு அந்த ஆண்டு 1.88 கோடி டன்தான் கிடைத்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை. பல மாநிலங்களில் ரேஷன் கோதுமைக்குப் பதில் அரிசி கொடுத்தார்கள்.

வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் உலகக் கோதுமை விளைச்சல் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது 2015இல் வந்த பெரிய ஆய்வின் கணக்கு. இதற்கு விதை ஒரு பதில். டி.பி.டபிள்யூ. 187, டி.பி.டபிள்யூ. 303, எச்.டி. 3385 போன்ற புதிய ரகங்கள் அக்டோபர் கடைசியிலேயே முன்கூட்டி விதைக்கத் தோதானவை. வெயில் ஏறும் முன் மணி நிரம்பிவிடும். ஆனால் முன்கூட்டி விதைக்க வயல் காலியாக வேண்டுமே. திரும்பவும் நெல் அறுவடைத் தேதிக்கே வந்து நிற்கிறோம்.

ஆதரவு விலைக்கும் இலக்குகளுக்கும் தொடர்பு உண்டா?

என்னைக் கேட்டால் எல்லா முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. 2025-26 கொள்முதல் பருவத்துக்குக் கோதுமையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். மண்டியில் குவியல் கொட்டியதும் ஈரப்பதம் பார்ப்பார்கள், சுருங்கிய மணி, உடைந்த மணி எவ்வளவு என்று பார்ப்பார்கள். எத்தனை பாய்ச்சலில் விளைந்தது, வைக்கோல் எரித்த வயலா, எரிக்காத வயலா என்று யாரும் கேட்பதில்லை. நல்ல முறையில் விளைவித்தவருக்கும் அதே விலை.

வேறு வழிகளைச் சிறிய அளவில் பார்த்திருக்கிறார்கள். பஞ்சாபில் 2018இல் "தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி" என்ற பொருள்படும் திட்டம் வந்தது. போர்வெல்லுக்கு இவ்வளவு யூனிட் என்று ஒதுக்கி, அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் தந்தார்கள். இலவச மின்சாரத்தைப் பறிக்கவில்லை. ஓட்டாத மோட்டாருக்கும் மதிப்புக் கொடுத்தார்கள். ஹரியாணா 2020இல், நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் தரத் தொடங்கியது. இன்னொரு பக்கம் 2024 நவம்பரில் மத்திய அரசு வைக்கோல் எரிப்புக்கான அபராதத்தை இரட்டிப்பாக்கி, ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு 30,000 ரூபாய் என்றது. அபராதம் ஒரு பருவம் பயமுறுத்தும். கையில் வரும் பணம்தான் பழக்கத்தை மாற்றும் என்பது என் துணிபு.

ஊட்டச்சத்து விஷயத்தில் கோதுமை என்ன செய்ய முடியும்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். வடக்கே ரொட்டிதான் அவர்கள் தட்டில் பெரும்பகுதி. டபிள்யூ.பி. 02, பி.பி.டபிள்யூ. 1 சிங்க் போன்ற ரகங்களில் துத்தநாகம் கிலோவுக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, வழக்கமான ரகங்களில் 30ஐ ஒட்டி. சுவையும் நிறமும் மாறாது, மாத்திரையும் வேண்டாம். ஆனால் மண்டியில் இதுவும் மற்ற கோதுமையோடு ஒரே குவியலாகிவிடுகிறது. அங்கன்வாடிக்கும் மதிய உணவுக்கும் இதைத் தனியாக வாங்கினால் விதைக்கிறவருக்கும் ஊக்கம், குழந்தைக்கும் பயன். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம்.

அறுவடைக்குப் பின் எவ்வளவு வீணாகிறது?

லூதியானாவில் உள்ள அறுவடைப் பின்செய் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ஏறக்குறைய 5 சதவீதம். 11.33 கோடி டன்னில் அது சுமார் 56 லட்சம் டன். மாதம் 5 கிலோ என்று ரேஷன் அளவில் போட்டால் 9 கோடிப் பேருக்கு ஓராண்டு தானியம்.

பெண்கள்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் பெயரில் உள்ள சாகுபடி உடைமைகள் 14 சதவீதம் மட்டுமே. பட்டாவில் பெயர் இல்லாதவருக்குக் கடனும் எளிதில் இல்லை, கருவி மானியமும் இல்லை, கொள்முதல் பதிவும் சிரமம். கணவர் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்ட கிழக்கு உத்தரப் பிரதேச, பீகார் கிராமங்களில் கோதுமையைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். பட்டாவில் பெயர் வராத வரை, திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர்கள் கைக்குப் போகாது.

தமிழ்நாட்டில் கோதுமையே விளைவதில்லை. நமக்கு இதில் என்ன?

சமவெளியில் பெரிதாக விளைவதில்லை, உண்மைதான். ஆனால் இந்தியக் கோதுமையின் ஒரு பெரிய எதிரி நம் மலையில் வாழ்கிறது. ஆக்ராவில் ஆய்வு செய்த கே. சி. மேத்தா, கோதுமையின் கருந்துரு நோய் வட சமவெளியின் கோடையில் பிழைப்பதில்லை, நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் ஆண்டு முழுக்கத் தங்கி அங்கிருந்து காற்றில் வடக்கே போகிறது என்று கண்டுசொன்னார். அதனால்தான் நீலகிரியில் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. அங்கே பருவம் தப்பியும் கோதுமை வளர்க்கலாம் என்பதால், ஓராண்டில் இரண்டு தலைமுறை எடுத்து ரகத்தைச் சீக்கிரம் உருவாக்க முடிகிறது. துரு தாங்குமா என்று இயற்கையான நோய்த்தாக்கத்திலேயே சோதித்தும் விடலாம். நாம் சம்பா கோதுமை என்று கஞ்சிக்கும் ரவைக்கும் வாங்கும் பழைய வகையும் அந்த நிலையத்தின் வேலையில் சேர்ந்ததுதான். விதைப் பன்மையைக் காப்பது என்ற குறிக்கோளுக்கு அதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு நமக்கு இல்லை.

2030க்குள் இதெல்லாம் நடக்குமா?

கோதுமை ஆண்டுக்கு ஒருமுறைதான். 2026 நவம்பரில் விதைப்பதிலிருந்து கணக்கிட்டால், 2030 ஏப்ரல் அறுவடை வரை நான்கு பருவங்கள். ஒரு புதிய ரகத்தை ஒட்டுச் சேர்த்து, தேர்ந்து வெளியிட எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஆகவே 2030இல் வயலில் நிற்கப்போவது ஏற்கெனவே வந்துவிட்ட ரகங்கள்தான். கருவிகளும் வந்துவிட்டன. அந்த நான்கு நவம்பர்களில் மாறக்கூடியவை மூன்று: முன்னால் எந்த நெல் நிற்கிறது, ஊருக்கு எத்தனை கருவி உரிய வாரத்தில் கிடைக்கிறது, மண்டியில் எதற்குப் பணம் தருகிறார்கள். அடுத்த முறை நிதி ஆயோக்கின் மதிப்பெண் வெளியாகும்போது மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், பஞ்சாப், ஹரியாணாவின் 2ஆவது, 6ஆவது இலக்குகளின் மதிப்பெண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.